யானையின் காது எங்கே ஒட்டும்?

நான்கு வயதுக் குழந்தையிடம் ஒரு தாளும் கிரேயானும் கொடுத்து யானை வரையச் சொல்லுங்கள். பெரும்பாலும் முதலில் ஒரு வட்டம் வரும். வட்டத்துக்குள் இரண்டு கண், சிரிக்கிற வாய். பிறகு வட்டத்தின் அடியிலிருந்து நேராகக் கால்கள் இறங்கும். நான்கு என்ற கணக்கெல்லாம் கிடையாது, இடம் இருக்கும்வரை இறங்கும். மூக்கு இருக்கவேண்டிய இடத்திலிருந்து ஒரு நீளக் கோடு, அது தும்பிக்கை. காது மட்டும் பூனைக்கு நிற்பதுபோல உச்சந்தலையில் இரண்டு மேடாக நிற்கும். பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவருக்குக் கை பரபரக்கும். “அப்படி இல்லடா கண்ணு, இங்க பாரு” என்று கிரேயானை வாங்கிக்கொள்வார்.

அந்தக் கையைச் சற்றுப் பிடித்து வைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். கார்ட்டூன் விலங்கு வரைவதைச் சின்னக் குழந்தைக்குத் தாராளமாகக் கற்றுத்தரலாம். ஆனால் ஒரு யானைப் படத்தைக் கற்றுத்தருவது வேறு, யானை வரையக் கற்றுத்தருவது வேறு. படத்தை மட்டும் கற்ற குழந்தையிடம் ஒரே ஒரு யானைதான் இருக்கும். என்றைக்கும் அதே பக்கம் பார்க்கும், அதே இடத்தில் வால் தொங்கும். வரையக் கற்ற குழந்தை யானையைப் படுக்க வைக்கும், ஓட வைக்கும், மரத்தில்கூட ஏற்றிவிடும். இந்த வேறுபாடு எப்படி உண்டாகிறது என்று குழந்தை உளவியலாளர்கள் நூறாண்டுக்கும் மேலாக ஆராய்ந்துவருகிறார்கள். அவர்கள் கண்டவற்றில் பல, நம் வீட்டுத் தரையில் சாக்பீஸோடு உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு நேரடியாகப் பயன்படுபவை.

பிரான்சில் ஜார்ஜ் ஆன்ரி லூக்கே என்பவர் தம் மகள் சிமோன் வரைந்த படங்களைச் சேர்த்துவைத்து, அவற்றைப் பற்றி 1913-இல் ஒரு நூல் எழுதினார். 1927-இல் குழந்தைகளின் ஓவியம் குறித்துப் பொதுவாக இன்னொரு நூல் வந்தது. சின்னக் குழந்தை கண்ணில் படுவதை வரைவதில்லை, தன் மனத்தில் அந்தப் பொருளைப் பற்றி என்ன இருக்கிறதோ அதை வரைகிறது என்பது அவருடைய முடிவு. அதனால்தான் குழந்தை வரையும் வீட்டுச் சுவர் உள்ளே இருக்கும் அம்மாவை மறைப்பதில்லை. பசுவின் வயிற்றில் கன்று தெரிகிறது. பின்னாளில் உளவியலாளர் ழான் பியாஜே தம் ஆய்வுகளில் லூக்கேயின் கருத்தை எடுத்துக்கொண்டார்.

இதைச் சோதித்துக் காட்டிய எளிய ஆய்வு ஒன்று உண்டு. நார்மன் ஃப்ரீமனும் ஜேனிகூனும் 1972-இல் வெளியிட்டது. ஐந்து முதல் ஒன்பது வயதுவரையுள்ள குழந்தைகளுக்கு முன்னால் ஒரு கோப்பையை வைத்தார்கள். கைப்பிடி மறுபக்கம் திருப்பப்பட்டிருந்தது, கண்ணுக்குத் தெரியாது. குழந்தையைப் பார்த்த பக்கத்தில் ஒரு பூப்படம் இருந்தது. தெரிவதை அப்படியே வரையச் சொன்னபோது சிறியவர்கள் தெரியாத கைப்பிடியை வரைந்தார்கள், தெரிந்த பூவை விட்டுவிட்டார்கள். எட்டு வயதை ஒட்டிய மூத்த குழந்தைகள் பூவை வரைந்து கைப்பிடியை விட்டார்கள். கைப்பிடி இல்லாவிட்டால் அது கோப்பையா என்ன? சிறு குழந்தையின் நியாயம் அது. கோப்பையைக் கோப்பை ஆக்குவது எதுவோ அது படத்தில் இருந்தாக வேண்டும்.

இந்த நியாயத்தோடு யானைக்குத் திரும்பினால், நாம் தவறு என்று நினைத்தவை வேறுவிதமாகத் தெரியும். தும்பிக்கை இருக்கிறது, காது இருக்கிறது, கால்கள் இருக்கின்றன. யானையை யானை ஆக்குபவை அனைத்தும் வந்துவிட்டன. உடல்தான் இல்லை. மூன்று, நான்கு வயதில் மனிதனை வரையும்போதும் இப்படித்தான் தலையிலிருந்தே கைகால் முளைக்கும். ஆய்வாளர்கள் அதைத் தலைப்பிரட்டை மனிதன் என்கிறார்கள். பல நாட்டுக் குழந்தைகளும் இந்தக் கட்டத்தைக் கடந்துபோகிறார்கள். விலங்கு வரைய முற்படும் குழந்தை, மனிதனுக்குக் கற்ற வழியையே முதலில் கடன் வாங்குகிறது. சில மாதங்களில் உடம்பு படுக்கைவாட்டில் நீளும். ஆனாலும் முகம் நம்மைப் பார்த்துத்தான் சிரிக்கும். பக்கவாட்டில் போகும் உடம்புக்கு நேராகப் பார்க்கும் முகம் என்பது அந்த வயதின் அழகான ஏற்பாடு. அதைத் திருத்த நான் ஒருபோதும் அவசரப்பட மாட்டேன்.

காதுக்கு வருவோம். உச்சந்தலையில் அது நிற்பதற்குக் காரணம், குழந்தை யானையைச் சரியாகப் பார்க்கவில்லை என்பதல்ல. ஜாக்குலின் குட்னோ என்ற ஆய்வாளர் 1977-இல் எழுதிய நூலில் ஒரு வழக்கத்தைச் சுட்டிக்காட்டினார். சின்னக் குழந்தைகள் படத்தின் ஒவ்வொரு உறுப்புக்கும் தனி இடம் ஒதுக்குகிறார்கள். ஒன்றின் இடத்துக்குள் மற்றொன்று நுழைவதை விரும்புவதில்லை. பெண்ணுக்கு நீளக் கூந்தல் வரைந்துவிட்டால், கை அந்தக் கூந்தலை வெட்டிப் போகக் கூடாது என்று கையை வேறெங்காவது கொண்டுபோய் ஒட்டுவார்கள். யானையின் காதோ தலையும் தோளும் சேருமிடத்தின்மேல் விரிந்து கிடப்பது. தலைக் கோடு, கழுத்துக் கோடு எல்லாவற்றையும் அது மூடுகிறது. முதலில் தலையையும் உடம்பையும் வரைந்து முடித்த குழந்தைக்கு, அந்த முறக்காதைப் போட இடமே மிச்சமில்லை. மேலே காலி இடம் இருக்கிறது, அங்கே வைத்துவிடுகிறது.

எனவே யானையைக் காதிலிருந்து தொடங்கச் சொல்வது என் வழக்கம். தாளின் நடுவில் ஒரு பெரிய காது. அதுதான் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிறது என்று குழந்தையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். “யார் முன்னாடி நிக்கிறாங்க? காதுதானே? அப்ப அது முதல்ல வரட்டும். மத்தவங்க எல்லாம் அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கட்டும்.” கண்ணாமூச்சி தெரிந்த குழந்தைக்கு இது புரிய நேரம் ஆகாது. காதின் ஒரு பக்கத்திலிருந்து முதுகுக் கோடு புறப்பட்டு வளைந்து இறங்கி, வயிறாகத் திரும்பிவந்து காதிலேயே நின்றுவிடும். மறுபக்கத்தில் நெற்றி வளைந்து அப்படியே தும்பிக்கையாக இறங்கும். கால்களிலும் இதே முறை. நம் பக்கத்துக் கால் இரண்டும் முதலில், அந்தப் பக்கத்துக் கால் இரண்டும் இடுக்கில் எட்டிப்பார்க்கும். ஒன்றின் பின்னால் மற்றொன்று போகும்போது கோடு நிற்க வேண்டும் என்பது ஓவியத்தின் பெரிய பாடங்களில் ஒன்று. அதை ஐந்தாறு வயதில் ஒரு யானைக் காதை வைத்துச் சொல்லிவிட முடிகிறது.

நடுவில் காதை வைப்பதால் இன்னொரு நன்மையும் உண்டு. குழந்தைகளின் படங்களில் தலை பெரிதாகவும் உடல் சின்னதாகவும் இருப்பதைப் பார்த்து, தலைதான் அவர்களுக்கு முக்கியம் போலிருக்கிறது என்று பலரும் சொல்வதுண்டு. தாமஸ், த்சலிமி என்ற இருவர் 1988-இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு காரணத்தைக் காட்டியது. குழந்தைகள் மனிதனைத் தலையிலிருந்து தொடங்குகிறார்கள். தாள் முழுக்கக் காலியாக இருப்பதால் தலை பெரிதாக விழுந்துவிடுகிறது, மிச்ச இடத்தில் உடலை அடைக்க வேண்டியதாகிறது. அதே குழந்தைகளை உடலிலிருந்து தொடங்கச் சொன்னால் அளவுகள் பெருமளவு ஒழுங்காகின்றன. வரிசையை மாற்றினால் போதும். அளவு பற்றிப் பேசவே வேண்டாம்.

கார்ட்டூன் ஓவியர்கள் தலையைப் பெரிதாக்குவதற்குக் காரணம் வேறு. விலங்கு நடத்தை ஆய்வாளர் கான்ராட் லோரன்ஸ் 1943-இல் எழுதிய கட்டுரையில், பெரிய தலை, உருண்ட நெற்றி, முகத்தில் கீழே இறங்கியிருக்கும் பெரிய கண்கள், உப்பிய கன்னம் ஆகியவை நம்மிடம் கொஞ்சும் உணர்வைத் தூண்டுகின்றன என்றார். மனிதக் குழந்தைக்கும் விலங்குக் குட்டிகளுக்கும் பொதுவான அடையாளங்கள் இவை. உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்ட் 1979-இல் மிக்கி மவுஸின் படங்களை அளந்து பார்த்தார். ஐம்பது ஆண்டுகளில் மிக்கியின் கண், தலை நீளத்தில் 27 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாக வளர்ந்திருந்தது. தலையும் உடல் நீளத்தில் 42.7-லிருந்து 48.1 சதவீதமாகியிருந்தது. மிக்கிக்கு வயது ஏற ஏற உருவம் குட்டியாகிக்கொண்டே போயிருக்கிறது. ஆறேழு வயதுக் குழந்தையோடு இதை விளையாட்டாகவே செய்து பார்க்கலாம். ஒரே யானையை இரண்டு முறை வரைந்து, ஒன்றில் கண்ணைச் சின்னதாக மேலே வைக்க வேண்டும், மற்றொன்றில் பெரிதாகக் கீழே இறக்க வேண்டும். எது அம்மா, எது குட்டி என்று கேட்டால் குழந்தை சட்டென்று சொல்லும்.

சில கோடுகளை மட்டும் வைத்துக்கொண்டு இது யானை, இது குட்டி என்று எப்படி நாம் கண்டுகொள்கிறோம்? உலகில் எந்தப் பொருளைச் சுற்றியும் கறுப்புக் கோடு கிடையாது. யானையைச் சுற்றி இல்லை, ஆனால் படத்தில் இருக்கிறது. டேவிட் ஹூபலும் டார்ஸ்டன் வீசலும் 1950களின் பிற்பகுதியில் பூனையின் மூளையில் பார்வைக்கான பகுதியை ஆராய்ந்தார்கள். அங்குள்ள உயிரணுக்கள் பல, வெறும் வெளிச்சத்துக்கு அசையவில்லை. ஒரு குறிப்பிட்ட சாய்வில் ஒரு கோடோ விளிம்போ வந்தபோதுதான் துடித்தன. 1981-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நம் மூளையும் பார்வையின் தொடக்கத்திலேயே விளிம்புகளைப் பிரித்தெடுக்கிறது. அந்த விளிம்பு இருக்கும் இடத்தில் கோடு போட்டால் மூளை ஏற்றுக்கொள்கிறது.

படத்தைப் புரிந்துகொள்ளத் தனியாகப் பாடம் வேண்டுமா என்ற கேள்வியை ஜூலியன் ஹாக்பர்க்கும் வர்ஜீனியா புரூக்ஸும் தங்கள் குழந்தையை வைத்தே ஆராய்ந்து 1962-இல் எழுதினார்கள். பத்தொன்பது மாதம்வரை அந்தக் குழந்தைக்குப் படங்களைக் காட்டிப் பெயர் சொல்லித்தரவில்லை. பொம்மைகளையும் பொருள்களையும் கொண்டே சொற்களைக் கற்றது. பிறகு கோட்டுப் படங்களைக் காட்டியபோது என்னென்ன என்று சொல்லிவிட்டது. ஒரே குழந்தையிடம் நடந்த ஆய்வுதான், இருந்தாலும் அதன் சேதி வலுவானது. மிகைப்படுத்தி எளிதாக்கிய கார்ட்டூனுக்கு இன்னும் ஒரு பலம் இருக்கிறது. ரையன், ஷ்வார்ட்ஸ் இருவரும் 1956-இல் கை போன்ற உருவங்களைப் புகைப்படமாகவும், நிழல் தீட்டிய படமாகவும், கோட்டுப் படமாகவும், கார்ட்டூனாகவும் கண நேரம் மட்டும் காட்டினார்கள். விரல் எப்படி மடங்கியிருக்கிறது என்பதை மிகக் குறைந்த நேரத்தில் காட்டிக்கொடுத்தது கார்ட்டூன். தேவையற்றதைக் கழித்துவிட்டுத் தேவையானதைக் கூட்டிக் காட்டுவதால் கண் அலைவதில்லை. சிறு குழந்தைக்குக் கார்ட்டூன் பொருத்தமான தொடக்கம் என்று நான் நம்புவதற்கு இதுவே காரணம். கோப்பைக்குக் கைப்பிடி தேவை என்று வாதிட்ட அதே மனம், தும்பிக்கையையும் காதையும் மட்டும் பெரிதாக்கி மற்றதை விட்டுவிடும் கார்ட்டூனோடு இயல்பாக ஒத்துப்போகிறது.

மனம் தயாராக இருந்தாலும் கை தயாராக வேண்டும். இரண்டு வயதில் குழந்தை கிரேயானை முஷ்டியில் பிடித்துத் தோளிலிருந்து வீசி வரைகிறது. விரல் நுனிகளில் பிடிக்கும் பிடி நான்கிலிருந்து ஆறு வயதுக்குள் மெல்ல அமைகிறது. வட்டத்தைப் பார்த்து வரைவது ஏறத்தாழ மூன்று வயதில் வந்துவிடும், சதுரத்துக்கு இன்னும் காத்திருக்க வேண்டும். ஆல்ஃபிரட் பினே 1908-இல் வகுத்த அறிவுத் தேர்வில் சதுரத்தைப் பார்த்து வரைவது ஐந்து வயதுக்கும், சாய்சதுரம் ஏழு வயதுக்கும் உரியதாக வைக்கப்பட்டிருந்தன. சாய்ந்த கோடுகளை ஒரு முனையில் சேர்ப்பது அவ்வளவு கடினம். நான்கு வயதுக்கு உருண்டை விலங்குகளே போதும். யானை, கோழிக்குஞ்சு, பின்பக்கம் காட்டி உட்கார்ந்திருக்கும் பூனை. கூர்மூக்கும் கூர்க்காதும் உள்ள நரியைச் சற்றுத் தள்ளிப்போடலாம். சின்னத் தாளும் கூர் பென்சிலும் இந்த வயதுக்குத் தண்டனை. சிமென்ட் தரையும் சாக்பீஸும் இருந்தால் தோளும் முழங்கையும் சேர்ந்து வரையும், கோடு தடையின்றி ஓடும்.

இனி, படிப்படியாகச் சொல்லித்தரும் முறைக்கு வருவோம். முதலில் வட்டம், அதன்மேல் சின்ன வட்டம், இரண்டு காது, ஒரு வால், பூனை தயார். 2 என்று எழுதி அதை வாத்தாக்குவது நம் பள்ளிகளில் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. இவற்றில் பிசகு எதுவும் இல்லை. ஆனால் இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது, அதை ஆனெட் கார்மிலாஃப்-ஸ்மித் 1990-இல் வெளியிட்ட ஆய்வு துல்லியமாகக் காட்டியது. நான்கு முதல் பதினொரு வயதுவரையுள்ள குழந்தைகளிடம் ஒரு வீடு, ஒரு மனிதன், ஒரு விலங்கு வரையச் சொன்னார். பிறகு உலகத்தில் இல்லாத வீடு, இல்லாத மனிதன், இல்லாத விலங்கு வரையச் சொன்னார். சிறியவர்கள் அளவையோ வடிவத்தையோ மாற்றினார்கள், அல்லது ஏதேனும் ஒன்றை விட்டார்கள். விடுபட்டதும் பெரும்பாலும் வரிசையின் கடைசியில் வருவதாக இருந்தது. வயதில் மூத்த குழந்தைகள் உறுப்புகளை இடம் மாற்றினார்கள், மனித உடலுக்கு விலங்கின் தலையை வைத்தார்கள், வரிசையின் நடுவிலேயே புதியதை நுழைத்தார்கள்.

அதைத் தொடர்ந்து ஐந்து வயதுக் குழந்தைகள் சிலரிடம், இரண்டு தலை உள்ள மனிதனை வரையச் சொன்னார். அவர்கள் இரண்டு தலைகளை வரைந்தார்கள். அடுத்து ஒரு தலைக்குக் கீழே உடல், கை, கால் என்று முழுதாகப் போனார்கள். மற்ற தலைக்கும் அப்படியே. இரண்டு தலை மனிதனுக்குப் பதில் இரண்டு மனிதர்கள் வந்தார்கள். தலைக்குப் பின் உடல் என்ற வரிசை ஓடத் தொடங்கிவிட்டால் நடுவில் நிறுத்த முடியவில்லை. கார்மிலாஃப்-ஸ்மித் இதைச் சிறு வயதின் வரம்பு என்று கருதினார். ஆனால் பின்வந்த ஆய்வாளர்கள், இரண்டு தலை உருவத்தின் படம் ஒன்றைக் காட்டிவிட்டுக் கேட்டபோது, அதைவிடச் சிறிய குழந்தைகளும் வரைந்துவிட்டார்கள். வழி இருக்கிறது என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் அந்தக் கட்டு தளர்கிறது.

கற்றுத்தருபவருக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி வேறில்லை. ஒரே வரிசையில் ஒரே யானையைத் திரும்பத் திரும்ப வரையவைத்தால் அந்த வரிசைதான் இறுகும். வரிசையைக் கற்றுக்கொடுத்த கையோடு அதைக் கலைத்துக் காட்டவும் வேண்டும். இன்றைக்குக் காதிலிருந்து தொடங்கினோம் என்றால் நாளைக்கு வாலிலிருந்து தொடங்குவோம். தும்பிக்கையைத் தூக்கிய யானை, இரண்டு தும்பிக்கை யானை, மீன் வால் யானை என்று ஒன்றிரண்டை நாமும் பக்கத்தில் உட்கார்ந்து நம் தாளில் வரைந்து காட்டலாம். நம் தாளில் என்பது முக்கியம். குழந்தையின் தாளில் நம் கோடு விழவே கூடாது.

பார்த்து வரையவைப்பதே தவறு என்று ஒரு பெரிய மரபு சொல்லிவந்தது. வியன்னாவில் ஃபிரான்ஸ் சிசெக் 1897-இல் சிறுவர்களுக்கான ஓவிய வகுப்பைத் தொடங்கி, அவர்களைத் தம் போக்கில் வரையவிட்டார். அதே ஊரிலிருந்து அமெரிக்கா போன விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-இல் எழுதிய நூலில் வண்ணம் தீட்டும் புத்தகங்களையும் நகலெடுப்பதையும் கடுமையாக எதிர்த்தார். அச்சடித்த உருவத்துக்குள் வண்ணம் நிரப்பும் குழந்தை தன் சொந்தக் கோட்டின்மேல் நம்பிக்கை இழக்கிறது என்ற அவருடைய கவலை எனக்கும் உண்டு. ஆனால் பிரென்ட் வில்சன், மார்ஜரி வில்சன் இருவரும் 1977-இல் வேறொன்றைச் சுட்டிக்காட்டினார்கள். சற்று வளர்ந்த பிள்ளைகளிடம், இந்த உருவத்தை எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டால், காமிக்ஸ், தொலைக்காட்சி, அண்ணன் வரைந்தது, தோழி வரைந்தது என்று ஏதோ ஒன்றை ஏறக்குறைய எப்போதும் சொல்லிவிடுகிறார்கள். படம் படத்திலிருந்தே பிறக்கிறது, பேச்சு பேச்சைக் கேட்டு வருகிற மாதிரி. நான் வில்சன்கள் பக்கம்தான் நிற்கிறேன். பிறர் கோட்டை எடுத்துக்கொள்ளட்டும், எடுத்ததை மாற்றவும் கற்கட்டும்.

வரைந்து முடித்ததும் நிஜ யானையிடம் கூட்டிப்போக முடிந்தால் மிகவும் நல்லது. முதுமலை தெப்பக்காட்டு முகாமில் கிட்டத்தில் பார்க்கலாம். கார்ட்டூனில் வரும் பெரிய விசிறிக் காது பெரும்பாலும் ஆப்பிரிக்க யானையினுடையது, தோளையே மூடும். நம் காட்டு யானையின் காது அதைவிடச் சின்னது, தலையில் இரண்டு மேடு தெரியும். நம் பெண் யானைகளுக்குப் பொதுவாக வெளியே தெரியும் தந்தம் கிடையாது. முன்காலில் ஐந்து நகம், பின்காலில் பெரும்பாலும் நான்கு. மண்டியிடும்போது பின்காலின் முழங்கால் நம் முழங்காலைப்போல முன்பக்கம் மடங்கும். வரைந்து பார்த்த குழந்தைதான் இவற்றையெல்லாம் கேட்கும், ஏனென்றால் நகம் எத்தனை போடுவது என்ற கேள்வி அதற்கு ஏற்கெனவே எழுந்திருக்கும்.

கிறுக்கலைப் பார்த்து “இது என்ன?” என்று கேட்பதில் ஒரு நிதானம் வேண்டும். பால் ப்ளூமும் லோரி மார்க்சனும் 1998-இல் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளிடம் ஒரு பலூனும் ஒரு லாலிபாப்பும் வரையச் சொன்னார்கள். இரண்டும் ஒரே மாதிரி, வட்டமும் கோடும். சிறிது நேரம் கழித்துக் கேட்டபோது குழந்தைகள் எது எது என்று தாங்கள் நினைத்து வரைந்தபடியே சொன்னார்கள். தோற்றத்தைவிட எண்ணம்தான் படத்துக்குப் பெயர் தருகிறது என்பது மூன்று வயதுக்கே தெரிந்திருக்கிறது. எனவே உருளைக்கிழங்கு மாதிரி இருப்பதை யானை என்று குழந்தை சொன்னால், அது யானைதான். “தும்பிக்கை எந்தப் பக்கம் போகுது?” என்று அடுத்த கேள்விக்குப் போகலாம்.

ஒன்பது, பத்து வயதில் நிலைமை மாறும். கண்ணில் படுவதைப்போலவே படமும் இருக்க வேண்டும் என்ற ஆசை அப்போது வருகிறது, கை அந்த ஆசைக்கு ஈடுகொடுக்காது. “எனக்கு வரைய வராது” என்ற வார்த்தையைப் பிள்ளைகள் முதன்முதலில் சொல்வது பெரும்பாலும் இந்த வயதில்தான். பலர் அதோடு பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறார்கள். நிழலும் தூரமும் கேட்காத கார்ட்டூன் மிகவும் தேவைப்படுவது இங்கேதான். ஆறு வயதில் யானையின் காதை எதற்கு முன்னால் வைப்பது என்று யோசித்த பிள்ளைக்கு, இப்போது அந்த யானையை நான்கு கட்டங்களில் ஒரு சின்னக் கதையாக நடக்கவைக்கச் சொல்லலாம். முதல் கட்டத்தில் பக்கவாட்டில் நிற்கட்டும், இரண்டாவதில் திரும்பட்டும், மூன்றாவதில் முதுகு காட்டட்டும். நான்காவது கட்டத்தில் என்ன செய்கிறது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.